அலகாய்: கரை தேடி அலைந்த கப்பல்

2007 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹவாயித் தீவுக்கூட்டத்தின் கவாயித் தீவில் நாவிலிவிலி என்றொரு சிறிய துறைமுகம். அதன் வாயிலில் அலைச்சறுக்குப் பலகைகளில் படுத்தும் நீந்தியும் மனிதர்கள் வழியை மறித்துக் கிடந்தார்கள். கரையில் நூற்றுக்கணக்கானோர் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே நின்றது 106 மீட்டர் நீளமுள்ள ஒரு புத்தம்புதிய அலுமினியக் கப்பல். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் கடலைக் கடந்து வந்திருந்தது. கடைசிச் சில நூறு மீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்துக் கிடந்த பிறகே அன்று அதனால் கரையைத் தொட முடிந்தது. மறுநாள் அதுவும் முடியவில்லை. வண்டிகளையும் பயணிகளையும் சுமந்தபடியே ஹொனலுலுவுக்குத் திரும்பிப் போனது.

கப்பலின் பெயர் அலகாய். அதன் பிற்காலக் கதை முழுவதற்கும் அந்த மாலை நேரம் ஒரு முன்னோட்டம் போல அமைந்துவிட்டது. அதிவேகப் படகுச் சேவை என்றதும் என்ஜினையும் வேகத்தையும்தான் பேசுவோம். அவை அலகாயை அவ்வப்போது சோதித்ததுண்டு, நிறுத்தியதில்லை. அதை நிறுத்தியதெல்லாம் கரையில் இருந்த விஷயங்கள்: ஒரு மிதவை, ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை, ஒரு சுங்கச் சோதனைக் கூடம்.

முதலில் தேவையைப் பார்ப்போம். ஹவாயி மாநிலத்தில் தீவு விட்டுத் தீவு போகப் பெரும்பாலும் விமானம்தான் வழி. ஹொனலுலு இருக்கும் ஓவாஹூவிலிருந்து மாவித் தீவுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். ஆனால் காரையோ, விளைந்த காய்கறியை ஏற்றிய பிக்கப் வண்டியையோ விமானத்தில் ஏற்ற முடியாது. அவற்றைச் சரக்கு மிதவையில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'வண்டியோடு ஏறு, மூன்று மணி நேரத்தில் அடுத்த தீவில் வண்டியோடு இறங்கு' என்று ஒரு நிறுவனம் சொன்னபோது ஆதரவுக்குப் பஞ்சமே இல்லை. ஹவாயி சூப்பர்ஃபெர்ரி என்பது அந்த நிறுவனத்தின் பெயர். அதிபர் ரீகன் காலத்தில் அமெரிக்கக் கடற்படைச் செயலராக இருந்த ஜான் லேமனின் முதலீட்டு நிறுவனம் அதில் பெரும் பணம் போட்டது. மாநில ஆளுநர் லிண்டா லிங்கிள் அதன் பக்கம் நின்றார்.

அமெரிக்கச் சட்டப்படி உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே ஓடும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜோன்ஸ் சட்டம் என்பார்கள். அதிவேக அலுமினியக் கப்பல் கட்டுவதில் அப்போது கை தேர்ந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அவர்களில் ஒன்றான ஆஸ்டல் நிறுவனத்துக்கு அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் ஒரு கிளைத் தளம் இருந்தது வசதியாகப் போயிற்று. இரண்டு கப்பல்கள் அங்கே பிறந்தன: மூத்தது அலகாய், இளையது 'பயணம்' என்று பொருள்படும் ஹுவாக்காய். கட்டுமானக் கடனில் சுமார் 14 கோடி டாலருக்கு அமெரிக்க மத்திய அரசின் கடல்வணிக நிர்வாகம் ஜாமீன் நின்றது. இந்த ஜாமீனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பாதியைத் தீர்மானித்தது இதுதான்.

அலகாய் ஒரு கேட்டமரான். அந்தச் சொல் நம்முடையது. சோழமண்டலக் கரையில் கட்டைகளைப் பிணைத்துக் கடலில் இறக்கிய கட்டுமரத்தைப் பார்த்த ஆங்கிலேயர் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல்லை ஏட்டில் ஏற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடும் வடிவம், அதாவது விலகி நிற்கும் இரண்டு ஒல்லியான உடல்களை மேலே ஒரு தளம் இணைப்பது, பாலினீசியர் எனப்படும் பசிபிக் தீவு மக்களின் ஆகிவந்த கலை. ஹவாயியில் முதலில் குடியேறியவர்களே இரட்டை உடல் தோணிகளில்தான் வந்தார்கள். 1976இல் ஹொக்குலேயா என்ற தோணி அதே பாணியில், கருவிகள் இல்லாமல், ஹவாயியிலிருந்து தஹிதித் தீவு வரை போய்க் காட்டியது. ஆக, தமிழ்ப் பெயரும் பாலினீசிய உடலும் கொண்ட ஒரு கப்பல் ஆஸ்திரேலியர் கைவண்ணத்தில் அலபாமாவில் உருவாகி, இரட்டைத் தோணிகளின் சொந்த ஊரான ஹவாயிக்கே வந்து சேர்ந்தது. அங்கேதான் அதற்கு வரவேற்பு அப்படி இருந்தது!

ஏன் இரட்டை உடல்? கப்பல் வேகமெடுக்க எடுக்கத் தன் முன்னால் தானே ஓர் அலையை எழுப்பி அதோடு மல்லுக்கட்டும். உடல் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவுக்கு அந்த அலை சிறுக்கும். ஆனால் ஒல்லியான ஒற்றை உடல் தனியாக நின்றால் கவிழ்ந்துவிடும். இரண்டை விலக்கி வைத்துப் பிணைத்தால் நிலைத்து நிற்கும், நடுவே கார் நிறுத்த அகலமான தளமும் கிடைக்கும். அலகாயின் அகலம் சுமார் 24 மீட்டர். 866 பேரும் 282 கார்களும் ஏறலாம். எஃகுக்குப் பதில் அலுமினியம் போட்டதால் எடை குறைவு, நீரில் மூழ்கும் ஆழமும் நாலு மீட்டருக்கும் கீழே. பின்புறம் சுழலும் விசிறிகள் கிடையாது. நீரை உறிஞ்சிப் பீய்ச்சியடிக்கும் நீர்த்தாரை இயந்திரங்கள் அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

இத்தனை தந்திரத்துக்குப் பிறகும் வேகத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். வேகத்தை இரண்டு மடங்காக்க என்ஜின் திறனை ஏறத்தாழ எட்டு மடங்காக்க வேண்டும் என்பது கப்பல்காரர்களின் மனக்கணக்கு. பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதால், அதே தூரத்துக்கு எரிபொருள் நாலு மடங்கு ஆகும். அலகாயில் நான்கு டீசல் என்ஜின்கள், ஒவ்வொன்றும் 8,200 கிலோவாட். மொத்தம் சுமார் 44,000 குதிரைத்திறன். நம் ஊர் விரைவு ரயிலை இழுக்கும் மின்சார என்ஜின் ஒன்று ஆறாயிரம் சொச்சம் குதிரைத்திறன். அப்படி ஏழு என்ஜின்களை ஒரே கப்பலுக்குள் அடைத்ததாக வைத்துக்கொள்ளலாம். டீசல் விலை ஏறும்போது முதலில் மூச்சு வாங்குவது இந்த ஜாதிக் கப்பல்களுக்குத்தான். எடை குறைந்த உடல் என்பதால் பேரலையில் குலுக்கலும் அதிகம். கனடாவின் கிழக்குக் கரையில் முன்பு ஓடிய இதே வகைக் கப்பலுக்கு 'வாந்தி வால்நட்சத்திரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இனி கரைக்கு வருவோம். பெரிய வண்டிப்படகு நிற்க ஹவாயித் துறைமுகங்களில் வசதி இல்லை. வண்டிகள் ஏறி இறங்க மிதவைகளும் சாய்தளங்களும் வேண்டும். மாநில அரசு 4 கோடி டாலர் செலவில் அவற்றை அமைத்துத் தர முன்வந்தது. அலகாயில் சொந்தச் சாய்தளம் கிடையாது. கரையில் அரசு கட்டிக் கொடுப்பதை நம்பியே கப்பலை வடிவமைத்திருந்தார்கள். ஹவாயிச் சட்டப்படி அரசு பணமும் அரசு நிலமும் சேரும் வேலைக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும். சின்னச் சின்னத் திருத்த வேலைகளுக்கு விலக்கு உண்டு. மாநிலப் போக்குவரத்துத் துறை 2005இல் இந்த வேலையை அந்த விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

துறை இதைத் தெரியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது. மத்திய அரசின் கடன் ஜாமீனுக்குக் காலக்கெடு இருந்தது, அந்த அவசரத்தில் மாநிலம் மதிப்பீட்டைத் தாண்டிப் போனது என்று மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னால் சொன்னது. சில மாத அவகாசத்தை மிச்சம் பிடிக்கப் போய் முழுச் சேவையையும் பறிகொடுத்த கதை இது.

எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் மாவித் தீவின் இரண்டு அமைப்புகளும். அவர்கள் கேட்ட கேள்விகள் வெறும் முட்டுக்கட்டை அல்ல. குளிர்காலத்தில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஈன்று வளர்ப்பதற்கு அலாஸ்கா பக்கமிருந்து வந்து சேர்வது இந்தத் தீவுகளுக்கிடையிலான கடலுக்குத்தான். அங்கே மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கப்பல் ஓடினால் தாயும் கன்றும் என்ன ஆகும்? கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்கக் கொண்டுவந்த கீரி மற்ற பெரிய தீவுகளில் பல்கிப் பெருகி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்று தீர்த்தது. கவாயித் தீவிலோ கீரி காலூன்றவில்லை. ஒரு காரின் அடியில் ஒளிந்து இரண்டு கீரி வந்தால் போதும். அப்புறம் போக்குவரத்து நெரிசல், வெளித்தீவுக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து கடற்கரைச் சிப்பியையும் மீனையும் அள்ளிப்போகும் பயம். இவற்றுக்கெல்லாம் பதில் இருந்திருக்கலாம். பதில் தேடும் வேலைக்குத்தான் சுற்றுச்சூழல் மதிப்பீடு என்று பெயர்.

2007 ஆகஸ்ட் 23 அன்று ஹவாயி உச்ச நீதிமன்றம், விலக்கு அளித்தது தவறு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சேவை தொடங்க ஐந்து நாள்தான் இருந்தது. நிறுவனம் நிதானிக்கவில்லை. தொடக்கத்தை இரண்டு நாள் முன்னுக்கு இழுத்து, ஐந்து டாலர் கட்டணம் என்று அறிவித்து, 26ஆம் தேதியே கப்பலைக் கிளப்பிவிட்டது. தடையாணை வருவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம் என்ற கணக்காக இருக்கலாம். என் பார்வையில் நிறுவனம் செய்த மிகப் பெரிய பிழை இதுதான். எதிர்ப்பு என்று இருந்ததை ஆத்திரமாக மாற்றியது அந்த ஐந்து டாலர் டிக்கெட். அன்று மாலை நாவிலிவிலியில் நீரில் இறங்கியவர்கள் எல்லோரும் திமிங்கிலத்துக்காக இறங்கவில்லை. 'எங்கள் தீவில் எங்களைக் கேட்காமல்' என்பதே அவர்களில் பலருக்குப் பிரதானமாக இருந்தது. அடுத்த மாதம் கவாயிக்கு நேரில் விளக்கம் சொல்லப் போன ஆளுநரைக் கூட்டம் பேசவிடாமல் கூச்சலிட்டது.

மாவித் தீவு நீதிமன்றம் அக்டோபரில் சேவைக்குத் தடை விதித்தது. உடனே சட்டமன்றச் சிறப்புக் கூட்டத்தொடர். நவம்பர் 2 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட 'சட்டம் 2', சுற்றுச்சூழல் அறிக்கை ஒருபக்கம் தயாராகும்போதே பெரிய வண்டிப்படகு மறுபக்கம் ஓடலாம் என்றது. திமிங்கிலங்களுக்காக வேகக் குறைப்பு, ஏறும் வண்டிகளைச் சோதித்தல் போன்ற நிபந்தனைகள் வந்தன. டிசம்பர் 13 அன்று மாவிக்கு மறுபடி ஓடத் தொடங்கியது அலகாய். கவாயிப் பக்கம் அது திரும்பிப் போகவே இல்லை.

ஹவாயியின் குளிர்காலக் கடல் சுற்றுலா விளம்பரத்தில் வரும் கடல் அல்ல. வடக்கிலிருந்து வரும் பேரலைகளில் பல நாள் பயணங்கள் ரத்தாயின. மாவியின் கஹுலுயி துறைமுகத்தில் கட்டியிருந்த மிதவை அலையில் ஆடி ஆடிக் கட்டுகளைச் சேதப்படுத்திக்கொண்டது. அதைப் பிடித்து நிறுத்த ஓர் இழுவைப் படகைக் காவல் வைக்க வேண்டியதாயிற்று. சுக்கானில் விரிசல் கண்டு, 2008 தொடக்கத்தில் கப்பலைப் பல வாரம் பழுதுபார்க்க உலர்துறையில் ஏற்றினார்கள். பட்டபிறகு வந்த அறிவாக, இளையவளான ஹுவாக்காய்க்குச் சொந்தச் சாய்தளம் பொருத்தப்பட்டது. ஓய்வுபெற்ற அட்மிரல் தாமஸ் ஃபார்கோ தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பயணிகள் பழகிக்கொண்டிருந்தார்கள். பள்ளி விளையாட்டுக் குழுக்களும் சிறுவியாபாரிகளும் உறவுக்காரர்களைப் பார்க்கக் காரோடு கிளம்பிய குடும்பங்களும் ஏறினார்கள்.

2009 மார்ச் 16. மீண்டும் உச்ச நீதிமன்றம். சட்டம் 2 பொதுச் சட்டம் மாதிரி எழுதப்பட்டிருந்தாலும், அதன் குறுகிய ஆயுளுக்குள் பயனடையக்கூடியது ஒரே ஒரு நிறுவனம்தான், பொது நிலங்கள் மீதான அதிகாரத்தைப் பொதுச் சட்டத்தின் வழியாகவே பயன்படுத்த வேண்டும் என்கிற மாநில அரசமைப்புக்கு இது முரண் என்று சொல்லி அதை ரத்து செய்தது. 19ஆம் தேதி கடைசிப் பயணம். இருநூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள். மே 30இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஹுவாக்காய் ஹவாயியில் ஒருநாள்கூட ஓடவில்லை.

இங்கேதான் அந்த ஜாமீன் வேலை செய்கிறது. கடன்காரன் ஓடிவிட்டால் ஜாமீன் நின்றவர் தலையில்தானே விடியும்? கடல்வணிக நிர்வாகம் பணத்தைக் கட்டிவிட்டு, 2010 செப்டம்பரில் ஏலத்தில் இரண்டு கப்பல்களையும் தலா 2.5 கோடி டாலருக்குத் தானே எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது ஹுவாக்காய் நிவாரணப் பணிக்குப் போய் வந்திருந்தது. இடிந்து போன துறைமுகத்துக்கு, குறைந்த ஆழத்தில் போகக்கூடிய, சொந்தச் சாய்தளம் உள்ள கப்பல் என்பது வரப்பிரசாதம்.

கடற்படைக்கு இந்தக் கப்பல்கள் மீது கண் இருந்ததில் ஆச்சரியமில்லை. 2001 முதலே ஜப்பானின் ஒகினாவாத் தீவிலிருந்த அமெரிக்க மரைன் படையினர் ஆஸ்டல் கட்டிய வெஸ்ட்பேக் எக்ஸ்பிரஸ் என்ற கேட்டமரானை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ராணுவத்துக்கென்றே இதே வடிவில் ஒரு வரிசைக் கப்பல்களைக் கட்டும் ஒப்பந்தம் 2008இல் அதே மொபைல் தளத்துக்குப் போனது. 'ஆரம்பத்திலிருந்தே இது ராணுவத் திட்டம்தான், பயணிகள் வெறும் முகமூடி' என்று ஹவாயி எதிர்ப்பாளர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். முன்னாள் கடற்படைச் செயலரும் முன்னாள் அட்மிரலும் நிறுவனத்தில் இருந்தது சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. ஆனால் முகமூடிக்காக இவ்வளவு பணத்தைத் தொலைத்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு முடியவில்லை. வேகமாக, ஆழம் குறைந்த துறைமுகத்துக்குள், வண்டிகளோடு போகும் கப்பல் சுற்றுலாக்காரனுக்கும் பயன்படும், சிப்பாய்க்கும் பயன்படும். அவ்வளவுதான் விஷயம்.

2012இல் இரண்டும் 3.5 கோடி டாலருக்குக் கடற்படை கணக்குக்கு மாறின. ஹுவாக்காய் 'குவாம்' ஆனது. நெடுநாள் மாற்றியமைப்புக்குப் பிறகு ஒகினாவாவுக்குப் போய் வெஸ்ட்பேக் எக்ஸ்பிரஸின் இடத்தைப் பிடித்தது. அலகாய்க்கு 'புவேர்ட்டோ ரீகோ' என்று பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்ததே தவிர வேலை கிடைக்கவில்லை. அது பிலடெல்பியாவில் சும்மா கட்டிக் கிடந்தது. பிறகு அந்தப் பெயரையும் கடற்படை ஒரு புதுக் கப்பலுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது.

அதற்கு வாழ்வு வந்தது கனடாவிலிருந்து. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தென்மேற்கு முனையில் யார்மத் என்ற சிற்றூர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து அங்கே 1956 முதல் கப்பல் வந்துகொண்டிருந்தது. ஊரின் விடுதிகளும் உணவகங்களும் அதை நம்பியே இருந்தன. 2009 இறுதியில் மாகாண அரசு மானியத்தை நிறுத்தியதும், 'தி கேட்' என்ற பெயரில் அங்கே ஓடிய கப்பல் விற்பனையாகி, சீனாவுக்கும் தைவானுக்கும் இடையே ஓடப் போய்விட்டது. ஊர் படுத்தது. 2014இல் வேறொரு நிறுவனம் நோவா ஸ்டார் என்ற மெதுவான பெரிய கப்பலைக் கொண்டுவந்து இரண்டே கோடைப் பருவத்தில் கையை விரித்தது. 2016இல் பே ஃபெர்ரீஸ் நிறுவனம் அமெரிக்க அரசிடமிருந்து அலகாயைக் குத்தகைக்கு எடுத்து, 'தி கேட்' என்ற பழைய பெயரையே பூசி, ஜூன் 15 முதல் மெய்னின் போர்ட்லண்டுக்கும் யார்மத்துக்கும் இடையே ஓட்டத் தொடங்கியது. பயணம் ஐந்தரை மணி நேரம். முதல் பருவத்தில் சுமார் 35,000 பேர், 2018இல் 50,000 பேர். 2017இல் ஓர் என்ஜின் பழுதாகி மூன்றை வைத்தே ஓட்டினார்கள். அதிலும் எண்ணிக்கை கூடத்தான் செய்தது.

மறுபடியும் கரை குறுக்கிட்டது. போர்ட்லண்டின் சோதனைக் கூடத்தைப் பல லட்சம் டாலர் செலவில் மேம்படுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறை கேட்டது. யார்மத்துக்கு அதைவிடப் பக்கத்தில், அதே மெய்ன் கரையில் இருக்கும் பார் ஹார்பருக்கே போய்விடலாம் என்று நிறுவனம் முடிவெடுத்தது. அங்கிருந்து யார்மத் மூன்றரை மணி நேரம்தான். எரிபொருள் செலவும் அதற்கேற்பக் குறையும். ஆனால் பார் ஹார்பரில் பழைய முனையத்தைப் புதுப்பித்து அதே துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். 2019 கோடை முழுக்க அந்த ஒப்புதலுக்கே போய்விட்டது. ஒரு பயணம்கூட நடக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கொரோனா எடுத்துக்கொண்டது. ஓடாத கப்பலுக்கு மாகாணம் மானியம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்போது மாகாணத்தின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டிம் ஹூஸ்டன், நிறுவனத்துக்குக் கொடுக்கும் நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்று வெளியிடச் சொல்லி நீதிமன்றம் போனார். அரசு மறைத்தது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய தொகை வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மாகாணத் தேர்தலில் வென்று ஹூஸ்டனே மாகாண முதல்வரானார். ஒப்பந்தம் தொடர்ந்தது, மானியமும் தொடர்ந்தது. யார்மத்தின் விடுதிக்காரர்களிடம் போய்க் கப்பல் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் சுலபத்தில் வராது.

2022 மே மாதத்திலிருந்து மறுபடி கோடைதோறும் கப்பல் ஓடியது. காலையில் யார்மத்தில் கிளம்பிப் பிற்பகலில் பார் ஹார்பரிலிருந்து திரும்பும். இது இரு நாடுகளுக்கிடையே ஓடுவதால் ஜோன்ஸ் சட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. என்றாலும் கப்பல் அமெரிக்கக் கொடியோடும் அமெரிக்க மாலுமிகளோடும்தான் வந்தது. 'எங்கள் வரிப்பணத்தில் அவர்களுக்கு வேலையா?' என்று நோவா ஸ்கோஷியாவில் அவ்வப்போது முணுமுணுப்பு எழும்.

ஹவாயியில் அதன் பிறகு எந்த வண்டிப்படகும் ஓடவில்லை. ஹொனலுலுவிலிருந்து மாவிக்குக் காரோடு குடிபெயர நினைப்பவர், துறைமுகத்துக்குப் போய் சரக்கு மிதவைக்காரரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு, தான் மட்டும் விமான நிலையத்துக்குப் போகிறார்.